தேய்த்த கன்னம்

"இதுபோல். கலைஞர் பிரதி. ஐப்பசி, அடைமழை."

நம் பட்டறையின் வடக்குச் சுவரில் சென்ற மார்கழி வரை தொங்கிய ஓர் அச்சோவியத்தின் கீழ் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கும் குறிப்பு இது. எழுதியது நான். படத்தில் இருப்பதும் நான். கலைஞர் பிரதி என்றால் ஓவியர் தனக்கென்று வைத்துக்கொள்ளும் தாள். மாதத்தையும் மழையையும் குறித்தவள் ஆண்டைக் குறிக்கவில்லை. மை டப்பா திறந்த நாளைக்கூட மூடியில் எழுதி வைப்பேன் என்று என்னைக் கேலி செய்வீர்களே, உங்களில் ஒருவர்கூட இந்த விடுபடலைக் கவனித்ததில்லை. பட்டறை தொடங்கி இரண்டாவது மழைக்காலம் என்று அந்தக் காலத்துப் பிரதிகளோடு ஒப்பிட்டு முடிவு செய்திருக்கிறேன். அப்போது எனக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகியிருக்காது.

பட்டறையில் இருக்கும் உங்களுக்கும் புதிதாக வருகிறவர்களுக்குமாக என் பணி அனுபவத்தை எழுதித் தரும்படி கேட்டார்கள். அமிலம், காகிதம், பிரஸ்ஸின் அழுத்தம் எல்லாவற்றையும் தேவா என்னைவிட நன்றாகச் சொல்வார். பதினெட்டு வருடமாகப் பிரஸ்ஸின் சக்கரத்தைச் சுற்றுகிறவர் அவர். நான் எழுதக்கூடியது அந்தப் பிரதியைப் பற்றித்தான். எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அந்த இடத்தில் இப்போது வெறும் ஆணி இருப்பதைப் பார்த்து, "அக்காவோட படம் எங்க?" என்று நீங்கள் கேட்டதாகத் தேவா சொன்னார். வேறு யாராவது பதில் சொல்வதைவிட நான் சொல்வது நல்லது.

முதலில் அந்த "இதுபோல்". ஊசியால் வரைந்து அமிலத்தில் அரித்த உலோகத் தகட்டில் மை பூசி, துணியால் துடைத்து, ஈரக் காகிதம் வைத்து பிரஸ்ஸில் உருட்டுகிறோம். கொஞ்சம் அழுத்தித் துடைத்தால் வெளிச்சம் கூடும். லேசாகத் துடைத்தால் இருட்டு தங்கும். ஒரே தகட்டிலிருந்து பத்துப் பேர் பத்து விதமாக எடுக்க முடியும். அதனால் ஓவியருக்கு மனநிறைவு வருகிற வரை மாதிரிகள் எடுப்போம். வந்ததும் அந்த மாதிரியின் ஓரத்தில் ஓவியர் தன் கையால் "இதுபோல்" என்று எழுதிவிடுவார். அதற்குப் பிறகு எடுக்கும் ஒவ்வொரு பிரதியும் அந்தத் தாளை ஒத்திருக்க வேண்டும். அச்சு எடுப்பவரின் ரசனைக்கு அங்கே வேலை இல்லை. இந்தப் பட்டறையில் சட்டம் என்று ஒன்று இருந்தால் அது அந்த ஒரு சொல்தான்.

இனி என் படம். இளம்பெண் ஒருத்தி பிரஸ் சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். இடது கையில் ஊசி. அச்சில் எல்லாம் இடம் வலமாகத் திரும்பும் என்பதைப் புதிதாகக் கற்றவர்கள், "அப்ப நிஜத்துல வலது கைதானே?" என்று கேட்பார்கள். இல்லை. கண்ணாடி பார்த்துத் தகட்டில் வரைந்தது அது. கண்ணாடி ஒரு முறை திருப்புகிறது, அச்சு அதை மறுபடி திருப்பி நேராக்கிவிடுகிறது. கண்ணாடி பார்த்து வரைந்த அச்சில்தான் நம்மைப் பிறர் பார்ப்பதுபோல நாம் பார்க்கிறோம். நான் இடது கைக்காரி. அந்த விஷயத்தில் படம் உண்மையானது.

பின்னணி நல்ல கறுப்பு. சக்கரம், சுவர், புடவை எல்லாம் இருட்டில் அமிழ்ந்திருக்கும். முகம் மட்டும் நிலவு பட்டதுபோல வெளிச்சமாக இருக்கும். பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அதன் முன் ஒரு நிமிடம் நிற்பார்கள். "என்ன ஒளி!" என்பார்கள். நான் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன்.

என்னை நேரில் பார்த்திருக்கிறீர்கள். நான் அந்த நிறம் இல்லை. எந்த வயதிலும் இருந்ததில்லை.

யாராவது அதைக் கவனித்துக் கேட்டால் என்னிடம் ஒரு கதை இருந்தது. அப்போது பட்டறையில் அச்சு எடுத்துக்கொண்டிருந்தவரை நாங்கள் மாஸ்டர் என்றே கூப்பிட்டோம். "மாஸ்டர் பாவம், அன்பா இன்னும் ரெண்டு தடவை துடைச்சுவிட்டுட்டாரு. என்னைக் கேக்கவே இல்ல" என்பேன். சிரித்துக்கொண்டே சொல்வேன். பல வருடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன். சொல்லிச் சொல்லி அது எனக்கே ஞாபகமாகிவிட்டது.

ஜான்சியை உங்களுக்குத் தெரியும். நான் ஓய்வு பெறுவதற்கு நாலு மாதம் முன்பு, கார்த்திகையில், அவள் தன் முகத்தைத் தகட்டில் செய்து முடித்தாள். கருங்குழியிலிருந்து பஸ் ஏறி, செங்கல்பட்டில் நான் ஏறுகிற, திருக்கழுக்குன்றம் வழியாகக் கடற்கரைக்கு வரும் பஸ்ஸுக்கு மாறி, என் பக்கத்தில் உட்கார்ந்துதான் தினமும் வருவாள். அவள் தாத்தா காலம் வரை பிறர் வயலில் வேலை செய்த குடும்பம். அப்பா லாரி ஓட்டுகிறார். அந்தத் தகட்டை அவள் அமிலத்தில் விட்டு எடுத்து, மறுபடி விட்டு எடுத்து, திரும்பத் திரும்ப அரித்தாள். ஆழமாக அரித்த இடத்தில் மை அதிகமாகத் தங்கும்.

"போதும்டி, தகடு ஓட்டையாயிடப் போவுது" என்றேன் ஒரு நாள்.

"இன்னும் கறுப்பு வர்லக்கா. பெயிண்ட் அடிச்ச கறுப்பு வருது, தோலு கறுப்பு வர்ல."

கடைசியில் வந்தது. அந்தப் பிரதியைப் பார்த்தவர்கள் முதலில் வெறும் கறுப்பைத்தான் பார்ப்பார்கள். கண் பழகப் பழக நெற்றியின் மேடு தெரியும், மூக்கின் ஓரம் தெரியும், கீழுதட்டில் ஒரு மினுக்கு தெரியும். பிறகு இரண்டு கண்கள். அதற்குப் பிறகு அந்த முகம் உங்களை விடாது. கறுப்பிலேயே ஏழெட்டுக் கறுப்பு இருந்தது. என் வாழ்நாளில் அப்படி ஒன்றை நான் செய்ததில்லை. அன்றே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். "நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னேன்.

"எங்க ஊட்டு கல்யாணத்துல போட்டோ புடிக்கச் சொல்ல, எனக்கு மட்டும் ஃபிளாஷ் அடிப்பான்க்கா அந்த ஆளு" என்றாள். "இதுல ஃபிளாஷ் இல்ல. இதான்." ஓரத்தில் "இதுபோல்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அந்த மாதக் கடைசியில் சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். ஓவியர்கள் பத்துப் பேரின் சுய உருவ அச்சுகளை ஒரு பெட்டியாகத் தொகுத்து வெளிநாட்டுக் கண்காட்சிக்கு அனுப்புகிற பொறுப்பு அவருடையது. பெயர் வேண்டாம். நல்ல மனிதர், மெதுவாகப் பேசுபவர், கலையை உண்மையாக நேசித்தவர். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எழுத வசதியாக இருந்திருக்கும். ஒன்பது பேரை வெவ்வேறு ஊர்களில் முடிவு செய்துவிட்டு, பத்தாவதுக்கு நம் பட்டறையைத் தேடி வந்திருந்தார். நான்தான் ஜான்சியின் பெயரைச் சொல்லி வரவழைத்தேன். கருங்குழியிலிருந்து ஒரு பெண்ணின் முகம் அப்படி ஒரு பெட்டியில் போகப்போகிறது என்று காலையில் பஸ்ஸிலேயே இரண்டு பேரும் பேசிக்கொண்டு வந்தோம். அவள் புதுச் சுடிதார் போட்டிருந்தாள்.

அவர் பிரதியை வாங்கிச் சன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தார்.

"யாரு இது?"

"நான்தான் சார்" என்றாள் ஜான்சி.

"தெரியுதும்மா. கட்டமைப்பு ரொம்ப நல்லா இருக்கு. ஆனா கொஞ்சம் இருட்டா இல்ல?"

"நானே இருட்டுதான் சார்."

தேவா சிரித்தார். அவரும் சிரித்தார். ஜான்சி சிரிக்கவில்லை.

"இல்ல, கண்காட்சியில வெளிச்சம் கம்மியா இருக்கும். தூரத்துலேர்ந்து பாக்கறவங்களுக்கு முகம் பிடிபடணும். அதுக்குச் சொல்றேன்." அவர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். "இதோ பாருங்க, இதுவும் இருட்டுப் பின்னணிதான். ஆனா முகம் எப்படி எழுந்து வருது! இந்த மாதிரி எடுக்கலாமே." கிட்டே போனார். "அருமை. யாரு இவங்க?"

நான் அவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தேன்.

பக்கத்துச் சிற்பக் கூடத்தில் கல்லறுக்கும் கிரைண்டர் சத்தம் மட்டும் கேட்டது. தேவாவுக்கு எந்த அமைதியையும் தாங்க முடியாது.

"இன்னா சார், பக்கத்துலயே நின்னுகினு கீறாங்களே! எங்க அக்காதான் சார் அது."

அவர் என்னைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் ஓடியதை நான் படித்துவிட்டேன். உடனே அதை மறைத்துக்கொண்டு, என்னைக் காப்பாற்றுவதுபோலச் சொன்னார்: "ஓ, சின்ன வயசுல செஞ்சதா மேடம்?"

"ஆமா சார். அப்புறம் இந்தக் கடற்கரை வெயில்ல..." என்றேன்.

அந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. முடிக்காமலே அது போதுமான பொய்யாக இருந்தது. ஜான்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை. தெரிந்தவர்களைத் தெரியாத ஊரில் பார்த்ததுபோல ஒரு பார்வை.

அதன் பிறகு நான் செய்ததை ஒழுங்காகச் சொல்கிறேன், நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான். ஒருவர் தப்பான யோசனை சொல்லும்போது மறுப்பது கஷ்டமில்லை. அவர் நம்முடைய வேலையையே அதற்கு ஆதாரமாகக் காட்டும்போது மறுப்பதற்கு வாய் வராது. "முடியாது சார், அவங்க இதுபோல்னு எழுதிட்டாங்க" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் சுவரில் இருப்பது என்ன என்று அவர் கேட்பார். கேட்காவிட்டாலும் அது தொங்கிக்கொண்டே இருக்கும். அதனால் நான் சுறுசுறுப்பானேன். வேலைக்காரர்கள் வெட்கத்தை மறைக்கிற வழி அது. "ஒரு பிரதி துடைச்சுப் பாத்துடுவோம்" என்று சொல்லி, அவள் பதிலுக்குக் காத்திராமல் அவள் தகட்டை எடுத்து மை பூசினேன்.

துணியால் துடைத்தேன். பிறகு உள்ளங்கையால் துடைத்தேன். கன்னம், நெற்றி, மூக்கு. என் கைக்குக் கீழே அவள் முகம் இருந்தது. தேவா சக்கரத்தைச் சுற்றினார்.

ஆழமாக அரித்த தகட்டை எவ்வளவு துடைத்தாலும் வெள்ளையாகாது. மை போதாமல் வெளிறும், அவ்வளவுதான். காகிதத்தைத் தூக்கியபோது கறுப்பும் இல்லை, வெளிச்சமும் இல்லை. சாம்பல் பூசிய ஒரு முகம், காய்ச்சலில் எழுந்து வந்ததுபோல.

"ம்... இப்ப களைப்பா தெரியறாங்க" என்றார் அவர். தொழில் தெரிந்தவர். "கன்னத்துல மட்டும் லேசா பாலிஷ் பண்ண முடியுமா மேடம்? உங்க பிளேட்ல பண்ணியிருக்கற மாதிரி?"

பாலிஷ் என்பது துடைப்பதைப் போன்றது இல்லை. துடைத்தது அந்த ஒரு பிரதியோடு போய்விடும். வழவழப்பான எஃகுக் கருவியால் தகட்டையே தேய்த்தால், மை பிடிக்கும் சொரசொரப்பு நிரந்தரமாகப் போய்விடும். அவள் நாள் கணக்கில் அரித்துக் கொண்டுவந்த கறுப்பு திரும்பி வராது. அது எனக்குத் தெரியாததா? தெரிந்தே இழுப்பறையைத் திறந்தேன். அந்தத் தேய்ப்புக் கருவியை எடுத்தேன். ஒரு சொட்டு எண்ணெய்கூட வைத்தேன்.

ஜான்சி வந்து தகட்டின் மேல் தன் கையை வைத்தாள். மை ஈரமாக இருந்தது.

"அக்கா. நான்தான் 'இதுபோல்'னு எழுதிக்கீறேன் இல்ல?"

"ஜான்சி, பத்து பேர்ல ஒருத்தியா போவப் போற. இந்தச் சான்ஸ் எத்தினி பேருக்குக் கிடைக்கும்? கொஞ்சமாத்தான்மா."

"கொஞ்சம்னா எவ்ளோ? உங்களுக்குத் தேச்ச அளவா?"

"எனக்கு நான் செய்யலடி. மாஸ்டர்தான் என்னைக் கேக்காம..."

அவள் மையான விரலைச் சுவர்ப் பக்கம் நீட்டினாள். சத்தமாகக்கூடப் பேசவில்லை.

"அதுல 'இதுபோல்'னு எழுதிக்கீறது யாரு கையெழுத்துக்கா?"

தினமும் அந்தப் படத்தைத் தாண்டிப் போய்த்தான் எல்லோரும் கை கழுவுகிறோம். அந்தக் கேள்வியைக் கேட்காமல் என்னை எல்லோரும் இவ்வளவு வருடம் விட்டுவைத்தது எப்படி என்று இப்போதும் புரியவில்லை.

சென்னையிலிருந்து வந்தவருக்குச் சங்கடமாகிவிட்டது. "பரவாயில்லைம்மா, உங்க முகம், உங்க இஷ்டம்" என்றார். உண்மையாகவே மரியாதையோடு சொன்னார். பிறகு என்னிடம் திரும்பினார். "அப்ப ஒண்ணு பண்ணலாமா? மேடமோட இந்தப் படத்தையே பத்தாவதா எடுத்துக்கலாம். பிளேட் இருக்குல்ல? புதுசா பிரதி எடுத்துத் தருவீங்களா?"

இந்தப் பக்கங்களில் நான் எழுதியதில் இதுதான் மோசமானது, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். நான் "சரி" என்றேன்.

ஜான்சி மண்ணெண்ணெயில் தகட்டைக் கழுவி, செய்தித்தாளில் சுற்றி, பையில் வைத்துக்கொண்டாள். நான் எடுத்த சாம்பல் பிரதியை நாலாக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். "பஸ்சு பூடும். வர்ரேன் அண்ணாத்த" என்று தேவாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். அன்று மாலை செங்கல்பட்டுக்கு நான் தனியாகப் போனேன்.

தேவாவும் கிளம்பும்போதுதான் வாய் திறந்தார். "தப்புக்கா" என்றார். "அந்தாளு மேல தப்பு இல்ல. அவரு கேட்டாரு. நீ போயி எண்ணெ ஊத்தினே பாரு, அதான் தப்பு."

மறுநாள் என் பழைய தகட்டைத் தேடி எடுத்தேன். அவருக்குப் பிரதி எடுப்பதற்காகத்தான் எடுத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அப்போதுகூட மனம் மாறியிருக்கவில்லை. மெழுகுத்தாளைப் பிரித்து, பழைய மையைக் கரைத்து, கீறல் இருக்கிறதா என்று பார்க்க லென்ஸை வைத்தேன்.

மாஸ்டர் துடைத்ததாக நான் சொல்லி வந்தேன் இல்லையா. துடைப்பது தகட்டில் எந்தத் தடயமும் விடாது. இந்தத் தகட்டில் தடயம் இருந்தது. கன்னம் கண்ணாடிபோல மின்னியது. நெற்றி, மூக்குத் தண்டு, கழுத்து, காது மடல் எல்லாம் தேய்க்கப்பட்டிருந்தன. ஊசி பிடித்த இடது கையையும் விடவில்லை. விரல் விரலாக, கணுவைச் சுற்றி, அவ்வளவு பொறுமையாகத் தேய்த்திருந்தது. கை கறுப்பாக இருந்தால் முகம் பொய் என்று தெரிந்துவிடுமே என்று யோசித்த ஒருவர் செய்த வேலை. அது ஒரு பொழுதில் முடிகிற வேலையும் இல்லை. பக்கத்தில் இருந்தவளுக்குத் தெரியாமல் நடந்திருக்க வழியே இல்லை.

அப்போது மாஸ்டர் ஞாபகம் வந்தது, இத்தனை வருடம் நான் சொல்லாமல் விட்ட ஒரு மாஸ்டர். ஒரு முறை ஒரு பெண் ஓவியரின் கணவர் வந்து, மனைவியின் சுய உருவத்தில் கண்ணுக்குக் கீழே இருக்கும் சுருக்கங்களைக் கொஞ்சம் குறைத்து எடுக்கச் சொன்னார். பெரிய உத்தியோகத்தில் இருந்தவர், பட்டறைக்கு வேண்டியவர். மாஸ்டர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "எழுதினவங்க வரட்டும் சார்" என்றார். வந்தவர் குரலை உயர்த்தினார். மாஸ்டர் டீ குடிக்கப் போய்விட்டார். அந்த மனிதர் கிளம்புகிற வரை திரும்பி வரவில்லை. ஒரு கோடு சுருக்கத்தைத் தொட மாட்டேன் என்றவர், கேட்காமல் என் முகத்தைத் தேய்த்தார் என்று நான் சொன்னேன், நீங்களும் நம்பினீர்கள்.

சென்னைக்காரருக்குப் போன் செய்து என் படம் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். "அது நான் இல்ல சார்" என்றேன். "அன்னிக்கு எனக்கும் தோணுச்சு மேடம்" என்றார். ஜான்சியின் பிரதியை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். யோசிப்பதாகச் சொன்னார். யோசிக்க நேரம் போதவில்லையோ என்னவோ, பெட்டி ஒன்பது முகங்களோடு போனது. அவள் முகம் அதில் இல்லாததற்கு நான் காரணம். அன்று அவர் முதல் தடவை கேட்டபோதே நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் கேட்டிருப்பார். கேட்கக்கூடிய மனிதர்தான்.

ஜான்சி அடுத்த திங்கட்கிழமை வழக்கம்போல என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன்.

"உடுக்கா" என்றாள். "நீ இன்னா புச்சாவா பண்ணிட்டே? எங்கம்மாவே பொண்ணு பாக்க வரச் சொல்ல பவுடர் டப்பாவத் தூக்கிகினு பின்னாலயே ஓடியாருவாங்க. அவங்களாவது மொகத்துல பூசுவாங்க. கழுவினா பூடும்."

பவுடர் கழுவினால் போய்விடும், நான் தேய்க்கப் போனது போகாது என்று அந்த ஒரு சொல்லில் அவள் என் கணக்கை முடித்துவிட்டாள்.

தன் பிரதிகளை அவளே மை பூசி, அவளே துடைத்து எடுத்தாள். தேவா சக்கரம் சுற்றினார். பிரஸ்ஸில் காகிதத்தின் மேல் போடும் கம்பளியின் முனையைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தபோது, "அக்கா, இத்தப் புட்சிக்க" என்றாள். பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு தாளும் எழும்போதும் அந்த முகம் கறுப்பிலிருந்து என்னைப் பார்த்தது. ஒரு பிரதி பட்டறை மாடியில் சன்னல் பக்கச் சுவரில் இருக்கிறதே, அது அந்த வரிசையில் எடுத்ததுதான். இன்றும் அவள் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள், பண்டிகைக்கு வீட்டுக்கு வருகிறாள். ஆனால் நான் ஓய்வு பெறுகிற வரை அவள் எந்தத் தகட்டையும் நான் தனியாக இருக்கும் அறையில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனதில்லை. செய்தித்தாளில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு போவாள். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

என் படத்தை மார்கழியில் சுவரிலிருந்து எடுத்தேன். தகட்டின் குறுக்கே ஒரு கோடு கிழித்து, இனி யாரும் பிரதி எடுக்க முடியாதபடி செய்துவிடலாம் என்று ஊசியைக் கையில் எடுத்தேன். நம் தொழிலில் எடுக்க வேண்டிய பிரதிகளின் கணக்கு முடிந்த தகட்டுக்கு அதுதான் வழக்கம். பிறகு கிழிக்கவில்லை. கிழித்தால் அதுவும் தடயத்தை அழிக்கிற ஒரு தேய்ப்புதான் என்று பட்டது. தகடும் அந்த ஒரே பிரதியும் பட்டறையின் கீழ் இழுப்பறையில் இருக்கின்றன. யாராவது உங்களிடம் "கொஞ்சம் வெளிச்சமா எடுக்கலாமே" என்று சொல்கிற நாளில் திறந்து பாருங்கள். லென்ஸும் அதிலேயே இருக்கிறது.

ஒரு விவரம் மட்டும் பாக்கி. தேய்த்த கோடுகள் லென்ஸில் இடது மேலிருந்து வலது கீழாகச் சரிந்து தெரிகின்றன. வலது கையால் இயல்பாகத் தேய்த்தால் அது மறுபக்கம் சரியும். சென்ற மாதம் வீட்டில் ஒரு துண்டுத் தகட்டை எடுத்து, என் இடது கையால் கொஞ்சம் தேய்த்து, பட்டறைக்குக் கொண்டுபோய் அந்தத் தகட்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சரிவு ஒத்துப்போகிறது. ஆனால் தகட்டைக் குறுக்காக வைத்து வேலை செய்தால் வலது கைக்காரரின் கோடும் அப்படியே விழும். மாஸ்டர் தகட்டை எப்படி வைப்பார் என்பது எனக்கு நினைவில்லை. அவர் டீ டம்ளரை இடது கையில் பிடிப்பார் என்பது நினைவிருக்கிறது. வலது கையில் எப்போதும் மை இருந்ததால்கூட இருக்கலாம். அவர் எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்று தெரிந்தவர் யாரும் கிடைக்கவில்லை. அவர் தேய்த்த வேறு தகடு எதுவும் நம்மிடம் இல்லை.

ஆகவே, அந்தக் கன்னத்தைத் தேய்த்தது யாருடைய கை என்பது இதை எழுதும் நாள் வரை உறுதி செய்யப்படவில்லை.